ஆன்லைன் பட்டம் படித்து ராணுவ அதிகாரி ஆகலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ முடித்துவிட்டு அடுத்து என்ன படிப்பது என்று நிற்பவர்களுக்கும், வேலைக்குப் போய்க்கொண்டே பட்டம் முடித்து இந்தியத் தரைப்படையிலோ விமானப்படையிலோ அதிகாரியாகச் சேர நினைப்பவர்களுக்கும் இந்தப் பக்கம். சிப்பாய், அக்னிவீர் ஆள்சேர்ப்பு வேறு. இங்கே பேசுவது லெப்டினன்ட் அல்லது ஃப்ளையிங் ஆபீசர் பதவியில் தொடங்கும் வேலை. வயது வரம்பும் மதிப்பெண் வரம்பும் அவ்வப்போது மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் பருவத்தின் அறிவிக்கையை ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டே பணம் கட்டுங்கள்.

ஆன்லைனில் வாங்கிய பட்டத்தை ராணுவம் ஏற்குமா?

ஏற்கும். பட்டதாரிகளுக்கான முக்கிய வாசல் யுபிஎஸ்சி ஆண்டுக்கு இரண்டு முறை நடத்தும் சிடிஎஸ், அதாவது ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வு. டேராடூனில் உள்ள இந்திய ராணுவ அகாடமிக்கும் (ஐஎம்ஏ) சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கும் (ஓடிஏ) அது கேட்பது ‘அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தின் பட்டம்’. ரெகுலரா, கரஸ்பாண்டன்ஸா, ஆன்லைனா என்று அந்த வரி பிரிக்கவில்லை. திறந்தநிலை, ஆன்லைன் படிப்புகளுக்கான யுஜிசியின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, அனுமதி பெற்ற பல்கலையின் ஆன்லைன் பட்டம் நேரடி வகுப்பில் படித்த பட்டத்துக்குச் சமம். 2022 செப்டம்பரில் யுஜிசி இதைத் தனி அறிவிப்பாகவும் உறுதிசெய்தது.

ஆனால் ‘அனுமதி பெற்ற’ என்ற சொல்லில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பல்கலைக்கழகத்துக்கு அனுமதி இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரும் அந்தப் படிப்புக்கு, நீங்கள் சேரும் அந்தப் பருவத்துக்கு அனுமதி இருந்திருக்க வேண்டும்.

பட்டமே இல்லாமல் அதிகாரி ஆக முடியாதா?

முடியும். பதினாறரை வயதுக்கும் பத்தொன்பதரை வயதுக்கும் இடையில் இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது என்டிஏ, அதாவது தேசியப் பாதுகாப்பு அகாடமித் தேர்வு. பிளஸ் டூ போதும், பட்டத்தை டெல்லி ஜேஎன்யூ பல்கலைக்கழகம் வழியாக அகாடமியே தரும். இப்போது பெண்களும் எழுதலாம். இயற்பியல், வேதியியல், கணிதத்தில் 60 சதவீதமும் ஜேஇஇ மெயின் மதிப்பெண்ணும் இருந்தால் தரைப்படையின் பிளஸ் டூ தொழில்நுட்ப நுழைவும் உண்டு. இந்த வயதில் இருப்பவர்கள் ஆன்லைன் பட்டத்தில் சேர்ந்துகொண்டே என்டிஏவையும் எழுதலாம். ஒன்று மற்றொன்றுக்குத் தடை இல்லை.

எந்த நுழைவுக்கு எந்தப் பட்டம் போதும்?

சிடிஎஸ் வழியாக ஐஎம்ஏ, ஓடிஏ இரண்டுக்கும் எந்தப் பாடத்திலும் பட்டம் போதும். குறைந்தபட்ச சதவீதம் கிடையாது, தேர்ச்சி பெற்றிருந்தால் சரி. ஐஎம்ஏவுக்குத் திருமணமாகாத ஆண்கள் மட்டும், வயது 19 முதல் 24. ஓடிஏவுக்கு ஆண், பெண் இருவரும், வயது 19 முதல் 25. அதே சிடிஎஸ்ஸில் ஹைதராபாத் விமானப்படை அகாடமியைக் கேட்டால், எந்தப் பட்டமானாலும் பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் இருந்திருக்க வேண்டும். எழிமலை கடற்படை அகாடமிக்குப் பொறியியல் பட்டம் வேண்டும். ஆன்லைன் பி.ஏ., பி.காம். படிப்பவர்களுக்கு அந்தக் கதவு இல்லை.

விமானப்படை தனியாக நடத்தும் ஆஃப்கேட் தேர்வில் கணக்கு இன்னும் கறாரானது. பறக்கும் பிரிவுக்கு வயது 20 முதல் 24, தரைப் பணிகளுக்கு 20 முதல் 26. பறக்கும் பிரிவுக்குப் பட்டத்தில் 60 சதவீதத்தோடு பிளஸ் டூவில் இயற்பியல், கணிதம் ஒவ்வொன்றிலும் குறைந்தது 50 சதவீதம் வேண்டும். நிர்வாகம், தளவாடம் போன்ற தரைப் பிரிவுகளிலும் பட்டத்தில் 60 சதவீதம் கேட்கிறார்கள். கணக்குப் பிரிவுக்கு பி.காம். போன்ற வணிகவியல் படிப்பு வேண்டும். 59.4 வைத்துக்கொண்டு 60 என்று முழுமையாக்கிக் காட்ட முடியாது.

ஆகவே இப்போது எதை எழுதப் போகிறீர்கள் என்று முடிவாகாவிட்டாலும் 60ஐ இலக்காக வையுங்கள். ஆன்லைன் படிப்புகளில் உள்மதிப்பீட்டுக்கு அதிகபட்சம் 30, பருவத் தேர்வுக்குக் குறைந்தது 70 என்று யுஜிசி பிரித்திருக்கிறது. அசைன்மென்ட்டுகளை நாள் தவறாமல் கொடுத்து 30க்கு 24 வாங்கிவிட்டால், 60ஐத் தொட பருவத் தேர்வில் 70க்கு 36 போதும். அசைன்மென்ட்டைக் கடைசி நாளில் அள்ளித் தெளித்து 30க்கு 12 வாங்கினால் அதே 60க்கு 70க்கு 48 தேவை. வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்த 12 மதிப்பெண் வித்தியாசம் மலைபோல் நிற்கும்.

எந்த நுழைவுகளுக்கு ஆன்லைன் பட்டம் உதவாது?

தரைப்படையின் டிஜிசி, எஸ்எஸ்சி டெக் ஆகியவை பொறியியல் பட்டதாரிகளுக்கானவை. பொறியியலை ஆன்லைனிலோ அஞ்சல் வழியிலோ பட்டமாகப் படிக்க முடியாது. நிகர்நிலைப் பல்கலைகள் அஞ்சல் வழியில் கொடுத்த பொறியியல் பட்டங்கள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017 நவம்பரில் தந்த தீர்ப்பு பலருடைய வேலையையே அசைத்தது. ராணுவச் சட்டப் பிரிவான ‘ஜாக்’ நுழைவுக்கு எல்எல்பி வேண்டும், அதுவும் ஆன்லைனில் கிடையாது. மருத்துவம், நர்சிங், பார்மசி, வேளாண்மை ஆகியவற்றுக்கும் அதே நிலைதான். உளவியலும் உணவூட்டவியலும் 2025 ஜூலை பருவத்திலிருந்து ஆன்லைன், தொலைநிலைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டன. எஸ்எஸ்பியில், அதாவது அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியம் நடத்தும் ஐந்து நாள் சோதனையில், உளவியல் சோதனை இருக்கிறதே என்று ஆன்லைன் பி.எஸ்சி. உளவியலைத் தேடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சென்னை ஐஐடியின் ஆன்லைன் பிஎஸ் பட்டம் பொறியியலாகக் கணக்கில் வருமா?

வராது. அது பி.டெக். அல்ல. ஆனால் நல்ல பட்டம், ‘எந்தப் பட்டமும் போதும்’ என்கிற நுழைவுகளுக்குப் பொருந்தும். டேட்டா சயின்ஸ் படிப்பில் ஃபவுண்டேஷன், டிப்ளமோ, பி.எஸ்சி., பி.எஸ். என்று படிகள் உண்டு. 114 கிரெடிட் முடித்தால் பி.எஸ்சி.யோடு வெளியே வரலாம், 142 முடித்தால் நான்கு ஆண்டு பி.எஸ். ராணுவத்துக்குப் போக நினைப்பவர் 114இல் பட்டத்தைக் கையில் வாங்கிக்கொள்வதே நல்லது. தேர்வுகளை நேரில் மையத்துக்குப் போய் எழுத வேண்டும், பாடமும் சுலபமானதல்ல. அதோடு சிடிஎஸ் தயாரிப்பையும் சேர்த்து ஓட்ட முடியுமா என்பதை ஃபவுண்டேஷன் பருவத்திலேயே உங்களுக்கு நீங்களே சோதித்துப் பார்த்துவிடுங்கள்.

பல்கலைக்கு அனுமதி இருக்கிறதா என்று எப்படிச் சரிபார்ப்பது?

யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பணியகத்துக்கு, சுருக்கமாக ‘டெப்’புக்கு, தனி இணையதளம் இருக்கிறது. அதில் ஆண்டுவாரியாக, பருவவாரியாக, பல்கலைவாரியாகப் பட்டியல் இருக்கும். திறந்தநிலைக்கு ஒரு பட்டியல், ஆன்லைனுக்கு ஒரு பட்டியல். உங்கள் படிப்பின் பெயர் எழுத்து மாறாமல் ஆன்லைன் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். ‘பி.பி.ஏ.’ இருக்கிறது என்பதால் ‘பி.பி.ஏ. லாஜிஸ்டிக்ஸ்’ இருக்கிறது என்று ஆகாது. அந்தப் பக்கத்தைத் தேதி தெரியும்படி சேமித்து, அச்சும் எடுத்து, பிளஸ் டூ சான்றிதழோடு ஒரே ஃபைலில் வையுங்கள். நான்கு ஆண்டு கழித்து யாராவது கேட்டால், அன்று அந்த இணையப்பக்கம் அதே இடத்தில் இருக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

அடுத்தது டெப் ஐடி என்ற அடையாள எண். 2024இலிருந்து திறந்தநிலை, ஆன்லைன் படிப்பில் சேரும் ஒவ்வொருவரும் தாமே அந்த இணையதளத்தில் இதை உருவாக்க வேண்டும். அதற்கு முன்னால் டிஜிலாக்கர் வழியாக ஏபிசி ஐடி, அதாவது கல்வி கிரெடிட் வங்கிக் கணக்கு எண், எடுத்திருக்க வேண்டும். “நாங்களே எல்லாம் பார்த்துக்கொள்கிறோம், ஓடிபி மட்டும் சொல்லுங்கள்” என்கிற ஏஜென்டிடம் இதை விடாதீர்கள். பெயரும் பிறந்த தேதியும் அங்கே தவறாகப் பதிந்தால் பட்டம் வரைக்கும் அந்தத் தவறு கூடவே வரும்.

கட்டணத்தைப் பல்கலையின் சொந்தக் கணக்கில் மட்டும் கட்டுங்கள். படிப்பைத் தனியாருக்கு உரிமம் கொடுத்து நடத்த யுஜிசி விதி இடம் தரவில்லை. தெருமுனை ‘ஸ்டடி சென்டர்’ தன் பெயரில் ரசீது கொடுத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஒரே வருடத்தில் டிகிரி என்று விளம்பரம் வருகிறதே?

செல்லாது. இளநிலைப் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டு. பிளஸ் டூ முடித்த ஆண்டும் பட்டம் முடித்த ஆண்டும் விண்ணப்பத்தில் அடுத்தடுத்து நிற்கும். அந்த இடைவெளி இரண்டாக இருந்தால் அதிகாரி கண்ணில் முதலில் படுவது அதுதான். பிளஸ் டூ எழுதாமல் நேராகத் திறந்தநிலைப் பட்டம் வாங்கும் வழியும் வேண்டாம். பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசை உடைந்த பட்டங்கள் அரசு வேலைகளில் நீதிமன்றம் வரை போய்த் தோற்றிருக்கின்றன.

தொலைநிலைக்கும் ஆன்லைனுக்கும் என்ன வேறுபாடு? எது மேல்?

தொலைநிலையில் அச்சுப் புத்தகம், வார இறுதி வகுப்பு, மையத்தில் எழுதும் தேர்வு. ஆன்லைனில் காணொளிப் பாடம், இணைய விவாதம், வீட்டிலிருந்து கேமரா கண்காணிப்பில் அல்லது கணினி மையத்தில் தேர்வு. மாநிலப் பல்கலைகளின் தொலைநிலைப் படிப்புக்கு எல்லை உண்டு, ஆன்லைனுக்கு இல்லை. ஆன்லைனில் பெயருக்குச் சேர்ந்துவிட்டுத் தேர்வன்று மட்டும் எட்டிப்பார்க்க முடியாது. 75 சதவீதப் பங்கேற்பு இருந்தால்தான் தேர்வு எழுத விடுவார்கள். பாடம் பார்த்த நேரம், கேள்வி கேட்டது, அசைன்மென்ட் கொடுத்தது எல்லாம் பதிவாகும்.

நெட் சரியாக வராத ஊரில் இருப்பவர்கள் தொலைநிலையை எடுப்பதே நல்லது. இக்னோவும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் அதற்கு இருக்கின்றன. வீட்டிலிருந்து எழுதும் தேர்வின் நடுவே கரன்ட் போய்க் கேமரா அணைந்தால், சில பல்கலைகளில் அந்தத் தாள் அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போகும். அதுவும் ஒரு அரியர்தான். இன்வெர்ட்டர் இருக்கும் உறவினர் வீடோ, தேர்வு மையம் தரும் பல்கலையோ என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

ஜூலையில் சேர்வதா, ஜனவரியில் சேர்வதா?

ஜூலை. காரணத்தை ஒரு கணக்கோடு பாருங்கள்.

2008 ஜூன் 10 பிறந்தவர், 2026 மார்ச்சில் பிளஸ் டூ முடிக்கிறார் என்று வையுங்கள். ஜூலை 2026இல் மூன்றாண்டுப் படிப்பில் சேர்ந்தால் ஜூன் 2029இல் கடைசிப் பருவம் முடியும். சிடிஎஸ் முதல் தேர்வு ஏப்ரலை ஒட்டி, இரண்டாவது செப்டம்பரை ஒட்டி. ஏப்ரல் தேர்வில் வென்றவர்களுக்கு அடுத்த ஜனவரியில் ஐஎம்ஏ, ஏப்ரலில் ஓடிஏ. செப்டம்பர் தேர்வில் வென்றவர்களுக்கு அடுத்த ஜூலையில் ஐஎம்ஏ, அக்டோபரில் ஓடிஏ. வயது வரம்பு ஜனவரி 1 அல்லது ஜூலை 1ஐ வைத்துக் கணக்கிடப்படும்.

இறுதியாண்டு மாணவர்களும் எழுதலாம் என்பதால் இவருக்கு முதல் வாய்ப்பு 2028 செப்டம்பர். அதில் வென்றால் ஓடிஏ 2029 அக்டோபர், அதற்குள் ரிசல்ட் வந்துவிடும். ஐஎம்ஏ என்றால் 2029 ஜூலை, கடைசிப் பருவ ரிசல்ட் வந்திருக்காது, நம்ப முடியாது. 2033 ஜூனில் 25 நிறைவதால் ஓடிஏவுக்குக் கடைசி வாய்ப்பு 2032 ஏப்ரல் தேர்வு. மொத்தம் எட்டு. ஐஎம்ஏவுக்குக் கடைசி 2031 ஏப்ரல், உறுதியாகக் கைக்கு வருவது ஐந்து.

இதே ஆள் ஜனவரி 2027இல் சேர்ந்தால் பட்டம் முடிவது டிசம்பர் 2029. இறுதியாண்டு தொடங்குவதே ஜனவரி 2029இல் என்பதால் 2028 செப்டம்பர் வாய்ப்பு கையை விட்டுப் போய்விட்டது. 2029 ஏப்ரல் தேர்வில் வென்றாலும், ஜனவரி 2030 ஐஎம்ஏ வகுப்புக்கு முன் ரிசல்ட் வராது. மிஞ்சுவது ஏப்ரல் 2030 ஓடிஏ, அதுவும் பல்கலை மார்ச்சுக்குள் சான்றிதழ் கொடுத்தால்தான். ஆறே மாதத் தாமதம், ஆனால் போனது இரண்டு வாய்ப்பு. அரியர் விழுந்து ஒரு வருடம் தள்ளினால் இன்னும் இரண்டு போகும்.

ஜனவரியில் மட்டுமே சேர முடியும் என்றால் சேருங்கள். ஆனால் வாய்ப்புகளை இப்படித் தாளில் எழுதிக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

எந்தப் பாடம் எடுத்தால் நல்லது?

பாடத்துக்கென்று தனி மதிப்பெண் எங்கும் இல்லை. பாதுகாப்பியல் படித்தால் ராணுவத்தில் முன்னுரிமை என்பதும் உண்மையல்ல. தேர்வில் என்ன கேட்கிறார்கள் என்பதிலிருந்து பின்னோக்கி வாருங்கள். ஐஎம்ஏவுக்கு ஆங்கிலம், பொது அறிவு, பத்தாம் வகுப்பு அளவிலான கணிதம், ஒவ்வொன்றும் 100 மதிப்பெண், இரண்டு மணி நேரம். ஓடிஏவுக்குக் கணிதம் கிடையாது. தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழியும். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் இருக்கும்.

பொது அறிவுத் தாளில் வரலாறு, புவியியல், அரசியலமைப்பு, பொருளாதாரம், பள்ளி அறிவியல் எல்லாம் வரும். அதனால் வரலாறு, அரசியல் அறிவியல், பொருளாதாரம் படிப்பவருக்கு ஒரே உழைப்பு இரண்டு இடத்தில் பலிக்கும். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு ஆங்கிலம்தான் உண்மையான சுவர். பி.ஏ. ஆங்கில இலக்கியம் அதற்கு மருந்து என்று நினைப்பவர்கள் உண்டு. எலிசபெத் காலக் கவிதையைப் படிப்பது தேர்வில் வரும் வாக்கியப் பிழைக்கும், எஸ்எஸ்பி குழு விவாதத்தில் வாய் திறப்பதற்கும் அதிகம் உதவாது. ஆங்கில வழியில் பி.ஏ. வரலாறோ பி.காம்.மோ படித்து, தினமும் அரை மணி நேரம் ஒருவரோடு ஆங்கிலத்தில் பேசிப் பழகுவது இதைவிடப் பலன் தரும்.

கடைசியாக ஒன்று. ராணுவம் கிடைக்காமல் போனாலும் கையில் நிற்கும் பட்டமாக அது இருக்க வேண்டும். ஆர்வமே இல்லாத பாடத்தை ‘சுலபம்’ என்று எடுத்தவர்களுக்குத்தான் அரியர் அதிகம் விழுகிறது.

சிஜிபிஏ தருகிற பல்கலையில் படித்தால் சதவீதத்தை எப்படிக் காட்டுவது?

பல்கலையே தரும் மாற்றுச் சான்று வேண்டும். நீங்களாக 9.5ஆல் பெருக்கியோ 10ஆல் பெருக்கியோ போடக் கூடாது, ஒவ்வொரு பல்கலைக்கும் சூத்திரம் வேறு. ஐந்தாம் பருவத்திலேயே விண்ணப்பித்து வாங்கிவிடுங்கள்.

இன்ஷியல் பிரச்சினை என்கிறார்களே, அது என்ன?

தமிழ்நாட்டுக்காரர்களை மிக அதிகம் அலைக்கழிப்பது இதுதான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘அருண்குமார் செ’ என்று இருக்கும். ஆதாரில் ‘அருண்குமார் செல்வராஜ்’. ஆன்லைன் பல்கலை படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம், இரண்டாவதைக் காலியாக விட முடியாது. அவசரத்தில் ‘செ’ என்றோ ‘செல்வராஜ்’ என்றோ கையில் வந்ததை நிரப்பினால், மூன்று ஆண்டு கழித்துப் பட்டத்தில் ‘செல்வராஜ் அருண்குமார்’ என்று தலைகீழாக அச்சாகி வரும். எஸ்எஸ்பியில் ஆவணம் சரிபார்ப்பவர் வடநாட்டுக்காரராக இருந்தால், ‘செ’ என்பது அப்பா பெயரின் முதல் எழுத்து என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அடிப்படை பத்தாம் வகுப்புச் சான்றிதழ்தான். யுபிஎஸ்சி பதிவில் பெயரும் பிறந்த தேதியும் அதில் உள்ளபடியேதான் இருக்க வேண்டும். ஆகவே சேருவதற்கு முன்பே ஆதாரை அதற்கு ஏற்பத் திருத்துங்கள், பிறகு ஏபிசி ஐடி, பிறகு டெப் ஐடி, அதன் பிறகு பல்கலைப் படிவம். இந்த வரிசை முக்கியம், ஏனென்றால் ஒன்றிலிருந்துதான் அடுத்தது பெயரை எடுத்துக்கொள்கிறது. முதல் பருவ மார்க் ஷீட் வந்த அன்றே எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். அப்போது திருத்த ஒரு மனு போதும். பட்டம் அச்சான பிறகு என்றால் அரசிதழ், உறுதிமொழிப் பத்திரம் என்று மாதக்கணக்கில் இழுக்கும்.

எஸ்எஸ்பியில் ஆன்லைன் பட்டம் என்றால் மதிப்புக் குறையுமா?

பட்டத்தின் முறைக்கு மதிப்பெண் இல்லை. சான்றிதழிலேயே ஆன்லைன் என்று இருக்கும், மறைக்க வேண்டாம். ஐந்து நாள் சோதனையில் முதல் நாளே பிஐக்யூ என்ற தன்விவரப் படிவம் நிரப்பச் சொல்வார்கள். எந்தப் பள்ளி, எந்தக் கல்லூரி, எத்தனை சதவீதம், விடுதியா வீடா, விளையாட்டு, என்சிசி, வகித்த பொறுப்பு என்று கட்டம் கட்டமாக இருக்கும். நேர்காணல் அதிகாரி அந்தத் தாளை வைத்துக்கொண்டுதான் பேசுவார். “ஏன் ஆன்லைன்?” என்று கேட்பார். அப்பாவுக்கு உடல்நிலை, கடை பார்த்தேன், வேலைக்குப் போனேன் என்று உண்மையைச் சொன்னால் அது பலமே. “காலேஜ் போக வேண்டியதில்லை என்று சேர்ந்தேன்” என்றால், அந்த மூன்று வருடம் என்ன செய்தீர்கள் என்பது அடுத்த கேள்வி.

அந்தக் கேள்விதான் கனமானது. கல்லூரிக்குப் போகிறவருக்கு விளையாட்டு அணி, விழாக் குழு, சண்டை, சமாதானம் எல்லாம் தானாக அமைகிறது. வீட்டில் லேப்டாப் முன் மூன்று வருடம் உட்கார்ந்தவர் பிஐக்யூவில் பொறுப்புக் கட்டத்தைக் காலியாக விடுகிறார். அதைவிட மோசம், ஏழெட்டுப் பேரோடு ஒரு பலகையையும் கயிற்றையும் வைத்துத் தடையைத் தாண்டும் குழுப் பணியில், மற்றவர் பேச்சை எங்கே வெட்டுவது, எங்கே விட்டுக்கொடுப்பது என்று தெரியாமல் ஓரமாக நிற்கிறார். இதை எந்தப் பயிற்சி மையமும் பதினைந்து நாளில் கற்றுத்தராது. சேர்ந்த முதல் மாதமே ஊர் வாலிபால் அணி, நூலக வாசகர் வட்டம், ரத்ததானக் குழு, வெள்ளக் கால நிவாரணப் பணி என்று ஏதாவது ஒன்றில் ஒரு பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். கணக்குப் பார்க்கும் பொறுப்பானாலும் சரி.

என்சிசி இல்லாமல் போகுமே?

ஆம், ஆன்லைன் பட்டத்தின் மிகப் பெரிய இழப்பு இது. கல்லூரி மாணவர்கள் என்சிசியில் சேர்வது கல்லூரியில் உள்ள பிரிவின் வழியாக. ‘சி’ சான்றிதழும் பட்டத்தில் 50 சதவீதமும் இருந்தால் தரைப்படையின் என்சிசி சிறப்பு நுழைவில் எழுத்துத் தேர்வே கிடையாது, நேராக எஸ்எஸ்பி. சிடிஎஸ்ஸிலும் ஐஎம்ஏவில் ‘சி’ சான்றிதழ்காரர்களுக்குத் தனி இடங்கள் உண்டு.

பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் என்சிசி பிரிவு உள்ள அரசுக் கலைக் கல்லூரி இருந்து, குடும்பச் சூழலும் இடம் கொடுத்தால், ராணுவ அதிகாரி ஆக விரும்புகிறவர் அங்கே சேர வேண்டும் என்பதே எங்கள் உறுதியான கருத்து. கட்டணம் பெரும்பாலான ஆன்லைன் பட்டங்களைவிடக் குறைவு. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாயும் உண்டு. தொலைநிலை, அஞ்சல்வழி மாணவர்களுக்கு அது கிடையாது. 2022 ஏப்ரல் முதல் இரண்டு படிப்பை ஒரே நேரத்தில் படிக்க யுஜிசி அனுமதித்திருப்பதால், கல்லூரியில் ஒரு பட்டமும் விருப்பப் பாடத்தில் ஆன்லைனாக ஒன்றும் வைத்துக்கொள்ளலாம்.

வேலைக்குப் போகிறேன், வயது 26 ஆகிவிட்டது. இனிப் பயனில்லையா?

சிடிஎஸ் வாசல் மூடிவிட்டது. பிராந்தியப் படை, அதாவது டெரிட்டோரியல் ஆர்மி இருக்கிறது. பட்டதாரிகள் 42 வயது வரை அதிகாரியாக விண்ணப்பிக்கலாம், வேறு வேலையோ தொழிலோ வருமானமோ இருக்க வேண்டும். முழுநேர ராணுவ வேலை என்று அதை எண்ணக் கூடாது.

அக்னிவீராக இருந்துகொண்டு பட்டம் படிக்கலாமா?

படிக்கலாம். இக்னோவின் மூன்றாண்டுத் திறன்சார் பட்டத்தில் பாதி கிரெடிட் படையில் பெற்ற பயிற்சிக்குக் கிடைக்கும், மீதிப் பாதியைப் பாடங்களாகப் படித்து எழுத வேண்டும். வயதைப் பாருங்கள். 18இல் சேர்ந்தவர் 22இல் வெளியே வரும்போது பட்டம் கையில் இருந்தால் ஓடிஏவுக்கு இன்னும் காலம் இருக்கிறது. 21இல் சேர்ந்தவருக்கு நான்கு ஆண்டு முடியும்போது 25. அவர் பணியில் இருக்கும்போதே பட்டத்தை முடித்து, உரிய அனுமதியோடு எழுதியாக வேண்டும்.

இறுதியாண்டில் விண்ணப்பிக்கும்போது என்னென்ன ஆவணம் வேண்டும்? ரிசல்ட் தாமதமானால்?

அதுவரை ரிசல்ட் வந்த எந்தப் பருவத்திலும் அரியர் நிலுவையில் இருக்கக் கூடாது. இதை அறிவிக்கையே சொல்கிறது. எஸ்எஸ்பிக்குப் போகும்போது பத்து, பன்னிரண்டு அசல் சான்றிதழ்கள், எல்லாப் பருவ மார்க் ஷீட்டுகள், இறுதியாண்டில் படிக்கிறார் என்ற கல்வி நிறுவனத்தின் சான்று ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். ரெகுலர் மாணவர் முதல்வர் அறைக்குப் போய் ஒரு மணி நேரத்தில் வாங்கிவிடும் போனஃபைடு சான்றை, ஆன்லைன் மாணவர் மின்னஞ்சலில் கேட்டு, பல்கலையின் ஆன்லைன் கல்வி மையம் முத்திரையிட்டு அனுப்பும்வரை காத்திருக்க வேண்டும். எஸ்எஸ்பி அழைப்பு வரும் முன்பே கேட்டு வாங்குங்கள்.

பயிற்சி தொடங்கும்போது தேர்ச்சிக்கான சான்றைக் காட்டாவிட்டால் இடம் போய்விடும், தேதியைத் தள்ளிவைக்கக் கேட்கும் மனுக்களை ஏற்பதில்லை. பட்டமளிப்பு விழாவில் தரும் பட்டச் சான்றிதழுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை, ப்ரொவிஷனல் சான்றிதழும் ஒருங்கிணைந்த மார்க் ஷீட்டும் கையில் இருந்தால் அறிவிக்கை சொல்லும் முகவரிக்கு அனுப்பலாம். ரிசல்ட் வந்த அன்றே ப்ரொவிஷனலுக்குப் பணம் கட்டுங்கள், அவசரக் கட்டணம் என்று ஒன்று இருந்தால் அதையும் சேர்த்து. ரிசல்டே தாமதம் என்றால், எஸ்எஸ்பி பரிந்துரைக் கடிதத்தின் நகலோடு பல்கலைத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு மனு எழுதி, நேரில் போய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்குங்கள். தனி மாணவருக்காக முன்கூட்டி ரகசிய ரிசல்ட் தரும் வழக்கம் சில பல்கலைகளில் உண்டு. சேர்வதற்கு முன் பல்கலையிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் இதுதான்: கடந்த மூன்று ஆண்டில் கடைசிப் பருவத் தேர்வு எந்தத் தேதியில் முடிந்தது, ரிசல்ட் எந்தத் தேதியில் வந்தது, ப்ரொவிஷனல் எந்தத் தேதியில் கைக்கு வந்தது? பதிலை எழுத்தில் வாங்குங்கள். அங்கே படித்து முடித்த இரண்டு பேரிடமும் இதையே கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.